கொடுத்த உரிமையும் பறித்த கருவியும்: தற்காப்புக் கைத்துப்பாக்கி பற்றி எல்லைப்புறத்திலிருந்து ஒரு வரலாற்றுப் பார்வை

நம் சங்கத்துப் பொங்கல் விழா ஒன்றில், பந்தி முடிந்து கைகழுவிக்கொண்டு நின்ற என்னை ஊர்ப்பக்கத்துத் தம்பி ஒருவர் தனியே அழைத்தார். டெக்சஸ் மாநிலத்தில் பெட்ரோல் நிலையமும் அதையொட்டி ஒரு சிறு கடையும் நடத்துகிறவர். இரவு பதினொரு மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு, அன்றைய வசூலைக் கையில் பிடித்துக்கொண்டு இருட்டில் தனியாகக் கார் வரை நடக்க வேண்டிய பிழைப்பு.

"அண்ணா, ஒரு பிஸ்டல் வாங்கிட்டனுங்க. இடுப்புல வெச்சுக்கலாம்னு இருக்கேன். எந்தத் தோட்டா போடறதுன்னுதான் தெரியல, ஆளுக்கொண்ணு சொல்றாங்க. நீங்க வரலாறெல்லாம் படிக்கிறவரு, சொல்லுங்க பாக்கலாம்" என்றார்.

சரித்திரம் படித்தவனிடம் தோட்டா கேட்கிறாரே என்று அப்போது சிரித்துவிட்டேன். வீடு திரும்பும் வழியில் சிரிப்பு வரவில்லை. துப்பாக்கி என்றாலே போலீசும் இராணுவமும்தான் என்று நினைத்து வளர்ந்த கூட்டம் நாம். இங்கு வந்ததும் கடைக்குப் போய் ஒன்றை வாங்கி இடுப்பில் செருக முடிகிறது. இரண்டுக்கும் இடையில் எத்தனை வரலாறு கிடக்கிறது! அதைச் சொல்லாமல் தோட்டாவை மட்டும் எப்படிச் சொல்வது? இக்கட்டுரை அந்தத் தம்பிக்கு நான் கடன்பட்ட பதில்.

எங்கள் ஊர் கோவிந்தாபுரம். பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோடு வழியாகத் திருச்சூர் போகும் சாலையில், தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்கும் இடம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். சுற்றிலும் மாந்தோப்பும் தென்னந்தோப்பும், தெற்கே மலை. மலை இருந்தால் பன்றியும் இருக்குமல்லவா? என் அப்பாரிடம் ஒரு மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி இருந்தது. குழாயின் வாய்வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை வைத்து இடித்து, ஈயக்குண்டைப் போட்டு, பின்பக்கம் கேப்பு வைத்துச் சுடுவார். ஒரு தடவை சுட்டால் மறுபடி கெட்டிக்க வெற்றிலை போடுகிற நேரம் ஆகும். "இது பன்னிக்குக் குடுத்த லைசென்ஸ்டா, பங்காளிக்கு இல்ல" என்பார். விளையாட்டாகச் சொன்னாலும், இந்தியத் துப்பாக்கிச் சட்டத்தின் சாரமே அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் விளங்கிற்று.

கத்தியில் தொடங்கிய கதை

இந்தியர் கையிலிருந்த ஆயுதம் 1857 புரட்சிக்குப் பிறகுதான் பறிக்கப்பட்டது என்று பொதுவாகச் சொல்வார்கள். நம் தென்பகுதிக்கு அது பொருந்தாது. இங்கே அதற்கு அரை நூற்றாண்டு முன்பே தொடங்கிவிட்டது. மருது சகோதரர்களின் கிளர்ச்சி அடக்கப்பட்டபின், 1801 டிசம்பர் 1 அன்று சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். பாளையக்காரர்களின் ஆட்கள் ஆயுதம் வைத்திருப்பது அதன்மூலம் தடை செய்யப்பட்டது. கோட்டைகள் இடிக்கப்பட்டன. வேலும் வாளும் வளரியும் சுமந்த கைகள் ஒரே தலைமுறையில் வெறுங்கையாயின.

மலைக்கு அந்தப் பக்கம் மலபாரில் நடந்தது 1854-இல். அங்கே தொடர்ந்த மாப்பிளைக் கலகங்களை அடக்குவதற்காக, அவ்வாண்டின் 24-ஆம் சட்டம் போர்க்கத்திகளை வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. மாவட்ட ஆட்சியர் கொனொலி கிராமம் கிராமமாகச் சென்று கத்திகளைச் சேகரித்தார். 1855 ஜனவரி முடிவதற்குள் 7,561 கத்திகள் ஒப்படைக்கப்பட்டதாகக் கணக்கு. அதே ஆண்டு செப்டம்பரில், கோழிக்கோட்டில் தம் வீட்டிலேயே கொனொலி வெட்டிக் கொல்லப்பட்டார். ஏழாயிரத்துச் சொச்சம் கத்திகளைச் சேகரித்தவரின் உயிரைப் போக்க, சேகரிக்கப்படாத சில கத்திகள் போதுமானவையாக இருந்தன. ஆயுதக் கட்டுப்பாடு பற்றிப் பேசுகிற எவரும், எந்தத் தரப்பினராயினும், நின்று யோசிக்க வேண்டிய இடம் இது.

1860: ஒரே ஆண்டு, இரண்டு சட்டங்கள்

1860-ஆம் ஆண்டை நம்மில் பலர் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் ஆண்டாகவே அறிவோம். அச்சட்டத்தின் 96 முதல் 106 வரையுள்ள பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பேசின. தன் உடலை, பிறர் உடலை, உடைமையைக் காக்க ஒருவர் எதிர்த்துத் தாக்கலாம். உயிருக்கே ஆபத்து என்று நியாயமாக அஞ்சும் நிலையில், தாக்க வந்தவனின் உயிர் போனாலும் குற்றமாகாது. சட்டத்தின் முதல் வரைவை 1837-இல் எழுதிய மெக்காலே குழுவினர், இந்நாட்டு மக்கள் கொள்ளையரிடம் அடங்கிப் போகிறார்களே, அவர்களுக்கு எதிர்த்து நிற்கும் துணிவை ஊட்ட வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் இந்த உரிமையைத் தாராளமாக எழுதினார்கள்.

அதே 1860-இல் 31-ஆம் சட்டமாக வந்தது ஆயுதச் சட்டம். துப்பாக்கி செய்யவும் விற்கவும் உரிமம் வேண்டும் என்றது. மாவட்டங்களை ஆயுதமற்றவையாக்கவும் வழி செய்தது.

"எதிர்த்து நில்" என்று ஒரு சட்டம் சொல்ல, "வெறுங்கையோடு நில்" என்று இன்னொரு சட்டம் சொல்லிற்று. இந்த முரண்பாடு அன்றோடு தீரவில்லை. தண்டனைச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதிலும் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் தற்காப்பு உரிமை ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. ஆயுதச் சட்டமும் வேறு ஆண்டு எண்ணோடு இருக்கிறது.

ஆபத்தா, விசுவாசமா?

1878-இல் லிட்டன் பிரபு காலத்தில் வந்த ஆயுதச் சட்டம்தான் நம் பாட்டன்மார் அறிந்த சட்டம். உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதே குற்றம் என்றாயிற்று. ஆனால் ஐரோப்பியர்க்கு விலக்கு. ஒரே தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரை ரிவால்வரை இடுப்பில் மாட்டிக்கொண்டு குதிரையில் போகலாம். அவருக்குக் கணக்கெழுதிய தமிழ்க் குமாஸ்தா ஒன்று வாங்க நினைத்தால் மனுப்போட்டுக் காத்திருக்க வேண்டும். யானையும் புலியும் திருடனும் இருவருக்கும் பொதுதானே?

குடகு இன்னும் தெளிவான சான்று. அங்கே வாழும் கொடவர்க்கும் ஜம்மா நிலம் உடையோர்க்கும் ஆங்கிலேயர் காலத்திலிருந்தே விலக்கு உண்டு. சுதந்திர இந்தியாவும் அதைத் தொடர்ந்தது. 2019-இல் வெளியான அறிவிப்பு 2029 அக்டோபர் வரை நீட்டித்தது. குடகில் காட்டுவிலங்கு அதிகம், வயநாட்டிலும் ஆனைமலையிலும் குறைவு என்பதாலா இந்த விலக்கு? அன்று அரசு பார்த்தது ஆபத்தை அன்று, விசுவாசத்தை. யாருக்கு ஆபத்து என்று கேட்காமல், யாரை நம்பலாம் என்று கேட்டு எழுதப்பட்ட சட்டம் 1878-ஆம் ஆண்டுச் சட்டம்.

இந்த அவமானத்தை நம்மவர் உணராமலில்லை. 1887-இல் சென்னையில் கூடிய மூன்றாவது காங்கிரஸ் மாநாட்டில் விபின் சந்திர பால் ஆயுதச் சட்டத்தை எதிர்த்து முழங்கினார். இன ஒதுக்கலைக் குறைத்துப் புதிய விதிகள் வர 1920 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்னொரு செய்தி பலருக்கு வியப்பாக இருக்கும். 1930 ஜனவரியில் காந்தியடிகள் அரசின்முன் வைத்த 11 கோரிக்கைகளில் உப்பு வரி ஒழிப்பு இருந்தது நமக்குத் தெரியும். தற்காப்புக்காகத் துப்பாக்கி உரிமம் வழங்க வேண்டும், அது மக்கள் கட்டுப்பாட்டுக்கு உட்பட வேண்டும் என்பதும் அவற்றில் ஒன்று. அகிம்சையின் தந்தை கேட்டது துப்பாக்கியை அன்று, நம்பிக்கையை. 1931 கராச்சித் தீர்மானமும் விதிமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் தாங்கும் உரிமையைக் குடிமக்களின் அடிப்படை உரிமைகளில் சேர்த்தது.

எல்லை தாண்டிய பிஸ்டல்

எல்லைப்புறத்தான் என்ற முறையில் எனக்கு ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு. எந்தச் சட்டமும் எல்லைக்கோட்டில் வந்து கொஞ்சம் தடுமாறத்தான் செய்கிறது. 1878 சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவுக்கானது. எங்கள் பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பாலக்காடு மலபார் மாவட்டத்தில், சித்தூர் கொச்சி அரசில், பொள்ளாச்சி கோயம்புத்தூர் மாவட்டத்தில். ஒரு நாள் மாட்டுவண்டிப் பயணத்துக்குள் இரண்டு அரசுகள். தெற்கே போனால் திருவிதாங்கூர், கிழக்கே கடலோரம் பிரெஞ்சுக்காரரின் புதுச்சேரி.

1911 ஜூன் 17 அன்று மணியாச்சி சந்திப்பில், ரயில் பெட்டியில் அமர்ந்திருந்த திருநெல்வேலி ஆட்சியர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்டதை நாம் அறிவோம். சுட்ட வாஞ்சிநாதன் செங்கோட்டைக்காரர். செங்கோட்டை அன்று திருவிதாங்கூரில் இருந்தது. அவர் வேலை பார்த்ததும் திருவிதாங்கூர் வனத்துறையில், புனலூரில். வ.வே.சு. ஐயரிடம் பயிற்சி பெற்றது புதுச்சேரியில். கையிலிருந்த பிரௌனிங் பிஸ்டலோ ஐரோப்பியச் சரக்கு. வேட்டைத் துப்பாக்கியைத் தோளில்தான் சுமக்க முடியும், ஊரே பார்க்கும். பிஸ்டல் சட்டைக்குள் அடங்கும், அரசின் கண்ணுக்குத் தப்பும். உலகெங்கும் ஆட்சியாளர்கள் நீண்ட குழலைவிடக் குட்டைக் குழலைக் கண்டு அதிகம் அஞ்சியதற்குக் காரணம் இதுதான்.

மூன்றாண்டு கழித்து, 1914 ஆகஸ்ட் 26 அன்று கல்கத்தாவில் ராடா கம்பெனிக்கு வந்த சரக்கிலிருந்து 50 மௌசர் பிஸ்டல்களும் 46,000 தோட்டாக்களும் புரட்சியாளர் கைக்குப் போயின. இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது இரண்டாவது எண். பிஸ்டல் ஐம்பதுதான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் 900 தோட்டாவுக்கு மேல். அதன்பின் வங்காளத்தில் ஆண்டுக்கணக்கில் அந்த மௌசர்கள் பேசின. தோட்டா இல்லாத துப்பாக்கி வெறும் இரும்புத் துண்டு. அரசுக்கும் அது தெரியும்.

டம்டம்: தோட்டாவின் பிறந்த ஊர்

இப்போது தம்பியின் கேள்விக்கு வருகிறேன். எந்தத் தோட்டா? முதலில் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். பித்தளைக் கூடு, உள்ளே மருந்து, அடியில் கேப்பு, முனையில் குண்டு எல்லாம் சேர்ந்தது தோட்டா. பறந்து போவது குண்டு மட்டும்.

உலகத்தில் எங்கு தற்காப்புத் தோட்டா பற்றிப் பேசினாலும், அந்தப் பேச்சு கல்கத்தாவை அடுத்த டம்டம் என்ற ஊருக்கு வந்து சேரும். இன்று அங்கே விமான நிலையம், அன்று ஆயுதச்சாலை. 1857 ஜனவரியில், புதிய என்ஃபீல்டு துப்பாக்கியின் காகிதத் தோட்டாவில் பசுக்கொழுப்பும் பன்றிக்கொழுப்பும் தடவியிருக்கிறது என்ற பேச்சு முதலில் கிளம்பியது அந்த ஊரில்தான். அதைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும் என்பதே சிப்பாய்களைக் கொதிக்க வைத்தது. ஆக, "எந்தத் தோட்டா?" என்ற கேள்வியால் ஒரு பேரரசே ஆட்டம் கண்டிருக்கிறது.

நாற்பது ஆண்டு கழித்து அதே டம்டம் மறுபடியும் பெயர் பெற்றது. 1895-இல் வடமேற்கு எல்லையில் சித்ரால் போரின்போது, முழு உலோக உறை போட்ட புதிய .303 குண்டுகள் பாய்ந்து வரும் எதிரியைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடுகின்றன, ஆள் நிற்பதில்லை என்று படையினர் குறை சொன்னார்கள். டம்டம் ஆயுதச்சாலையின் பொறுப்பிலிருந்த கேப்டன் பெர்ட்டி கிளே, குண்டின் மூக்கில் உறையை நீக்கி ஈயம் வெளியே தெரியும்படி செய்தார். உடம்பில் பட்டதும் மென்மையான ஈயமூக்கு நசுங்கி விரியும். குண்டு தன் வேகம் முழுவதையும் உள்ளேயே இறக்கிவிடும். காயம் கொடியது.

ஐரோப்பாவில் கூச்சல் எழுந்தது. 1899 ஜூலையில் ஹேக் மாநாட்டில், உடம்பில் பட்டு விரியும் குண்டுகளைப் போரில் பயன்படுத்தக் கூடாது என்று ஒரு பிரகடனம் நிறைவேறியது. பிரிட்டனும் அமெரிக்காவும் எதிர்த்தன. பிரிட்டன் 1907-இல் ஏற்றுக்கொண்டது. வெப்லி ரிவால்வருக்கென 1898-இல் கொண்டுவந்த, முனையில் குழியுள்ள குண்டையும் பிரிட்டன் இரண்டே ஆண்டில் படையிலிருந்து விலக்கிக்கொண்டது.

இங்கே ஒரு நுட்பம். ஹேக் தடை நாடுகளுக்கிடையிலான போருக்குத்தான், காவல் துறைக்கும் தனி ஆளுக்கும் இல்லை. எதிரிப் படையின்மேல் பயன்படுத்தலாகாது என்று தடுத்த குண்டையே, முனையில் குழியுள்ள உட்குழிவுத் தோட்டாவாக, அமெரிக்கக் காவல் துறையினர் இன்று இடுப்பில் வைத்திருக்கிறார்கள். இதற்கு ஒரு நியாயமும் சொல்லப்படுகிறது. துளைத்துக்கொண்டு மறுபக்கம் போகும் குண்டு, பின்னால் நிற்கும் வழிப்போக்கனைக் கொல்லக்கூடும். விரிந்து உள்ளேயே நிற்கும் குண்டு அவனைக் காப்பாற்றும். இதிலும் அளவு உண்டு. 1986 ஏப்ரல் 11 அன்று மியாமியில் நடந்த சண்டையில் ஒரு கொள்ளைக்காரனின் உடம்பில் பாய்ந்த 9 மி.மீ. குண்டு விரிந்து, இதயத்தை எட்டாமல் நின்றுவிட்டது. அவன் தொடர்ந்து சுட்டான். கூட்டாட்சிப் புலனாய்வுத் துறையின் இருவர் மாண்டனர். அதன் பின்னரே, குண்டு சதைக்கு ஒப்பான கூழ்ப்பொருளில் குறைந்தது 12 அங்குலம் செல்ல வேண்டும் என்ற அளவுகோலை அத்துறை வகுத்தது. இன்று கடைகளில் விற்கும் தற்காப்புத் தோட்டாக்கள் பலவற்றை இந்த அளவுகோலை வைத்துத்தான் மதிப்பிடுகிறார்கள்.

டம்டம் முதல் மியாமி வரை இந்த நூறாண்டுக் கதையில் கேள்வி ஒன்றேதான்: சுட்ட குண்டு எங்கே போய் நிற்க வேண்டும்?

சட்டம் எழுதிய துளை

இந்தியாவில் தனி ஆளுக்குத் தோட்டாவைத் தேர்ந்தெடுக்கும் பாடு அதிகம் இல்லை. சட்டமே தேர்ந்தெடுத்துவிடும். படையும் போலீசும் பயன்படுத்தும் துளை அளவுகளைத் தனியாருக்குத் தடுப்பது ஆங்கிலேயர் காலத்து வழக்கம். படைத் தோட்டா திருடுபோனால் கலகக்காரன் துப்பாக்கிக்குப் பொருந்திவிடுமே! இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் .450 அளவை இந்தியாவில் தடுத்தபோது, லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகள் நம் யானை வேட்டைக்காரர்களுக்காகவே .465, .470 என்று புதுப்புது அளவுகளை உண்டாக்கின.

அந்த வழக்கமே இன்றும் நிற்கிறது. இங்கே நம் தம்பி வைத்திருக்கும் 9 மி.மீ. பிஸ்டல் அங்கே தடை செய்யப்பட்ட அளவு. சாதாரணக் குடிமகனுக்குக் கிடைப்பது பெரும்பாலும் .32 ரிவால்வர் அல்லது பிஸ்டல், இல்லாவிட்டால் .22. எத்தனை தோட்டா கையிருப்பில் வைக்கலாம், ஆண்டுக்கு எத்தனை வாங்கலாம் என்பதும் லைசென்ஸிலேயே எழுதியிருக்கும். டில்லியில் 2012 டிசம்பரில் நடந்த கொடுமைக்குப் பின், பெண்களின் தற்காப்புக்கென்று 2014-இல் கான்பூர் அரசு ஆலையிலிருந்து நிர்பீக் என்ற .32 ரிவால்வர் வந்தது. எடை 500 கிராம், விலை ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல். முதலமடை மாந்தோப்பில் கூலிக்குக் காய் பறிக்கும் பெண், பொழுது சாய்ந்தபின் ஒற்றையடிப் பாதையில் வீடு திரும்பும்போது கைப்பையில் இதை வைத்துக்கொள்வாள் என்று யாராவது நம்பினார்களா?

சுதந்திரத்துக்குப் பின்

கராச்சியில் கேட்ட உரிமை அரசியல் சட்டத்தில் இடம்பெறவில்லை. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அதைச் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தார். எல்லாருக்கும் வரையறையின்றி ஆயுத உரிமை தர முடியாது என்று அம்பேத்கர் மறுத்துவிட்டார். நாடு பிரிந்த இரத்தம் காயாத காலம் அது. அவர் அச்சத்தைப் புரிந்துகொள்ளலாம்.

1959-இல் இயற்றப்பட்டு 1962 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவைப் படித்தபோதுதான் எனக்கு அப்பாரின் வாக்கியம் விளங்கியது. காப்புக்கும் விளையாட்டுக்கும், 20 அங்குலத்துக்குக் குறையாத குழலுள்ள துப்பாக்கிக்கு உரிமம் தரலாம். உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கு, மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்குத் தரலாம். கைத்துப்பாக்கி இந்த இரண்டிலும் சேராது. அது வேண்டுமென்றால் தக்க காரணம் இருப்பதாக அதிகாரி மனநிறைவு கொள்ள வேண்டும். அதாவது உழவனுக்குப் பன்றித் துப்பாக்கி. பணமும் செல்வாக்கும், "உயிருக்கு ஆபத்து" என்று காட்டக்கூடிய பகையும் உள்ளவருக்குக் கைத்துப்பாக்கி. நடைமுறையில் பல ஊர்களில் அது பாதுகாப்பைவிடப் பெருமைக்கான சின்னமாக ஆகிவிட்டதை யாரும் மறுக்க மாட்டார்கள். ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்திருக்கலாம் என்பது 2019 திருத்தத்தில் இரண்டாகக் குறைந்தது. உரிமக் காலம் மூன்றாண்டிலிருந்து ஐந்தாக நீண்டது.

லைசென்ஸில் அது எந்தப் பரப்புக்குச் செல்லும் என்றும் எழுதியிருக்கும். எங்கள் ஊரில் இது வேடிக்கையான விஷயம். கேரளத்துக்கு மட்டும் செல்லும் உரிமத்தோடு துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு சாலையில் நூறடி கூடுதலாக நடந்தால் குற்றவாளி ஆகிவிடலாம். பன்றிக்கு மட்டும் அந்தக் கோடு தெரியாது.

பறித்தபின் என்ன வந்தது?

1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின், பன்றியைச் சுடவும் அனுமதி வேண்டும் என்றாயிற்று. அப்பாரின் துப்பாக்கி அதற்குப் பிறகு வெற்றுச் சத்தம் போடத்தான் பயன்பட்டது. தேர்தல் வந்தால் அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். ஒரு தேர்தலில் கொடுத்தது மாதக்கணக்கில் திரும்பவில்லை. அலைந்து அலைந்து வாங்கியபோது குழாய் துருவேறி, குதிரை உடைந்திருந்தது. யாரிடம் கேட்பது? அதை அப்படியே சரண் செய்துவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். "போகுது போ, இனிமே பன்னியும் நானும் பேசித் தீத்துக்கறோம்" என்றார்.

துப்பாக்கி போன இடத்தில் என்ன வந்தது என்பதுதான் கசப்பான பகுதி. மலையடிவாரத்தில் அவுட்டுக்காய் என்ற சொல் எல்லாருக்கும் தெரியும். பழத்துக்குள்ளோ மாவுருண்டைக்குள்ளோ வெடிமருந்தை வைத்துப் பன்றிக்குப் போடுவது. மின்வேலியில் வீட்டுக் கரண்டைத் திருப்பிவிடுவது இன்னொரு வழி. 2020 மே மாதம் எங்கள் பாலக்காடு மாவட்டத்து மண்ணார்க்காட்டுப் பக்கம், வாயில் வெடி வெடித்து ஒரு சினையானை ஆற்றில் நின்றபடியே செத்ததை உலகமே பார்த்துக் கண்ணீர் விட்டது. துப்பாக்கி பிடித்தவன் எதைச் சுடுகிறோம் என்று பார்த்துச் சுடுவான். அவுட்டுக்காய்க்குக் கண் கிடையாது. 2022 மே மாதம் கேரள அரசு, பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கு வழங்கியது. உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவரைக் கொண்டு சுட வேண்டும். நஞ்சோ வெடியோ மின்சாரமோ கூடாது. ஊரில் எத்தனை பேரிடம் உரிமத் துப்பாக்கி மிச்சமிருக்கிறது, குறி தவறாமல் சுடத் தெரிந்தவர் யார் என்பது அடுத்த கேள்வி.

கொனொலி காலத்திலிருந்து தெரிகிற உண்மை இதுதான். கருவியைப் பறிப்பதால் அச்சம் போவதில்லை. அது வேறு கருவியைத் தேடும், பல நேரம் முன்னதைவிடக் குருட்டுத்தனமான கருவியை.

தம்பிக்குப் பதில்

அப்படியானால் எல்லாரும் பிஸ்டல் வாங்குவோம் என்று சொல்ல வருகிறேனா? இல்லை. நாம் வந்து சேர்ந்த நாட்டின் கணக்கையும் பார்க்க வேண்டும். 2008-இல் ஹெல்லர் வழக்கிலும் 2022-இல் ப்ரூயன் வழக்கிலும், தற்காப்புக்காக வீட்டிலும் வெளியிலும் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனி மனிதரின் உரிமை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் அனுமதிச் சீட்டே இல்லாமல் இடுப்பில் செருகிச் செல்லலாம். டெக்சஸில் 2021 செப்டம்பர் முதல் அப்படித்தான். இந்தியாவில் உரிமையைக் கொடுத்துக் கருவியைப் பறித்தார்கள். இங்கே கருவியைக் கொடுத்துவிட்டு, பொறுப்பை அவரவர் தலையில் விட்டுவிட்டார்கள். அந்தப் பொறுப்பின் அளவு சிறிதன்று. அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலைகள். கொள்ளைக்காரனுக்காக வாங்கி மேசை அறையில் வைத்தது, பரீட்சையில் தோற்ற பிள்ளையின் கைக்கு எட்டுகிறது. "நம்ம வீட்ல அப்படியெல்லாம் நடக்காதுங்க" என்று எல்லா வீட்டிலும்தான் சொல்கிறோம்.

மறுவாரம் தம்பிக்குத் தொலைபேசியில் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

"தம்பி, எந்தக் கம்பெனித் தோட்டான்னு நான் சொல்ல மாட்டேன். அது உங்க துப்பாக்கிக்கு எது பொருந்துதோ, அதைப் பழகிச் சொல்லித்தர்ற வாத்தியாரு சொல்லணும். குண்டு எங்க போய் நிக்கும்னு மட்டும் நீங்க கேளுங்க. உங்க கடைச் சுவரு அட்டைப் பலகை. அதுக்கு அந்தாண்டை யாரு நிக்கறா? மாநிலம் தாண்டினா சட்டம் மாறுதா? நியூ ஜெர்சியில மச்சினன் வீட்டுக்குப் போறீங்க. அங்க உட்குழிவுத் தோட்டாவ வெளிய எடுத்துட்டுப் போறதுக்கு நெடுங்காலமாக் கட்டுப்பாடு உண்டு, தெரியுமா? ராத்திரி வீட்டுக்கு வந்தா அந்தப் பிஸ்டலு எந்தப் பூட்டுக்குள்ள போகுது, சாவி யாருகிட்ட இருக்குது? இதுக்கெல்லாம் பதில் இருந்தா வெச்சுக்குங்க. இல்லீன்னா, கடையைச் சாத்தறப்ப கூட ஒரு ஆளை நிறுத்தறதும், காசைப் பெட்டியில போட்டு மறுநாள் பகல்ல பேங்குக்குக் கொண்டு போறதும் மலிவுங்க."

கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. பிறகு, "வீட்ல பெரியவனுக்குப் பதினாறு ஆகுதுங்கண்ணா. அத நான் யோசிக்கவே இல்ல" என்றார். இப்போதைக்குப் பிஸ்டல் இரும்புப் பெட்டிக்குள் இருக்கிறது, தோட்டா வேறு அறையில். அவர் பயிற்சி வகுப்பில் சேர்ந்திருக்கிறார். வைத்துக்கொள்வதா, திருப்பி விற்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அது அவர் முடிவு.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோளுடன் முடிக்கிறேன். கடை வைத்திருக்கும் நம்மவர், இரவுப்பணிக்குச் செல்லும் நம் பெண்கள் எனப் பலர் இதே கேள்வியோடு இருக்கிறார்கள். வெளியே சொல்லக் கூச்சம். ஆண்டில் ஒருநாள், அரை நாளாவது ஒரு வழக்கறிஞர், ஒரு பயிற்சியாளர், மனநலம் அறிந்த ஒரு மருத்துவர் மூவரையும் ஒரே மேடையில் அமர்த்தி, நம் மொழியிலேயே இதைப் பேச வைக்கலாம். வாங்கச் சொல்லவும் வேண்டாம், வேண்டாமென்று பயமுறுத்தவும் வேண்டாம். நம் முன்னோரிடம் யாரும் கேட்காமல் முடிவு செய்துவிட்ட ஒரு விஷயத்தில், நம்மிடம் முடிவு விடப்பட்டிருக்கிறது. தெரிந்து முடிவு செய்வோம்.